மழை பெய்தால் ஒத்திகை

விஸ்வநத்தம் பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மதியம்தான் அந்த யோசனை வந்தது. மழை நாளில் வெடிமருந்து காயாது என்று பட்டாசுக் கம்பெனியில் பாதி நாளிலேயே திருப்பி அனுப்பிவிட்ட நான்கு பெண்கள், தூக்குவாளியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அதில் மூத்த அக்கா, அவர்களுடைய போர்மேன் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டினார். கையைப் பின்னால் கட்டி, தோளைக் கொஞ்சம் தூக்கினார், அவ்வளவுதான். நான் பார்த்தே இராத அந்த ஆள் கண் முன்னால் வந்து நின்றுவிட்டார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, நாடகத்தில் நடிக்கிறீர்களா என்று கேட்டே விட்டேன்.

"எங்களுக்கு யாரும்மா லீவு குடுப்பா? மழதான் குடுக்கணும்" என்றார் அக்கா.

அப்படியே முடிவானது. மழை பெய்தால் ஒத்திகை, சமுதாயக்கூடத்தில்.

அதற்கு முன்னால் என் மேடை வாழ்க்கை என்று பார்த்தால், மதுரையில் கல்லூரிக் குழுவில் ஆம்பளைக்குப் பஞ்சம் வந்தபோதெல்லாம் ராஜாவாக நடித்திருக்கிறேன். சூலக்கரையில் டெங்கு விழிப்புணர்வுக்காகக் கொசுவாக ஆடினேன். வெயிலில் பசை இளகி ஓர் இறக்கை பாதியில் விழுந்தது. தனியார் பள்ளியில் நாடக டீச்சராக இருந்தேன். என் வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார், திருப்பித் தந்ததே இல்லை. இந்த வருஷம் நாடக வகுப்பே வேண்டாம் என்று என்னையும் நிறுத்திவிட்டார்கள்.

நான் எழுதி வைத்த நாடகம் எதுவும் மேடையைப் பார்த்ததில்லை. இந்த நால்வருக்காக எழுதியதை மட்டும் மதுரையில் ஒரு நாடக விழாக்காரர்கள் படித்துவிட்டு, தீபாவளிக்கு முன்னால் ஒரு மாலை தருகிறோம் என்றார்கள். ஆட்கள் தயார் என்று இந்த வாரக் கடைசிக்குள் உறுதி சொல்ல வேண்டும். இதுவும் நடக்காவிட்டால் நாடகத்தைத் தலைமுழுகிவிட்டு, அண்ணன் பார்த்து வைத்திருக்கும் காலண்டர் அச்சகத்தில் புரூப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்தாயிற்று.

தீபாவளிக்கு முன்னால் என்றால் சீசன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வானமோ வெளுத்தே கிடந்தது. எழுந்ததும் மாடிக்கு ஓடி வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம் திரள்கிறதா என்று பார்ப்பேன். ஒரே ஒரு காட்சிதான் முழுதாக ஒத்திகை ஆகியிருந்தது.

முந்தாநாளும் நேற்றும் மழை கொட்டியது. நேற்று நனைந்துகொண்டே சமுதாயக்கூடத்துக்கு ஓடினேன். நால்வரும் வந்திருந்தார்கள். ஆனால் யாருக்கும் எழுந்து நிற்கவே மனமில்லை. அக்கா இரண்டு வரி பேசிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர்களை உசுப்பிவிட நினைத்து, நல்ல மழை, சாயங்காலம் வரைக்கும் விடாது என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"விட்டா டீச்சர் மழ வேணும்னு வீடு வீடாப் போயி மழச்சோறே எடுத்திருவாக" என்றாள் நால்வரில் இளையவள்.

அக்கா சிரிக்கவில்லை. "வானத்தப் பாத்து நீங்க சிரிக்கீக டீச்சர். எங்களுக்கு அது கூலி போற நாளு. செஞ்ச வேலைக்குத்தான் கூலி. ரெண்டு நாளா கை ஓடல. இதுல எம்புட்டுன்னு நடிக்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் ஆசைப்பட்ட ஒவ்வொரு மேகமும் அவர்கள் வீட்டு அடுப்பில் கைவைக்கிறது. தெரியாத விஷயமா? என் அவசரத்தில் அதை யோசிக்கவே இல்லை.

மழை இல்லாத நாளில் நால்வரும் ஒன்றாக, கை சும்மா இருக்கிற நேரம் ஏதாவது உண்டா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கம்பெனி வேனில் போகும்போதுதான் என்றார்கள். "அதுலயும் ஒக்காந்ததும் தூங்கிருவோம்" என்றாள் இளையவள்.

இன்று வேன் டிரைவர் அண்ணனைப் பிடித்துவிட்டேன். "ஏத்திக்கிறேம்மா. கம்பெனி கேட்டுக்கு முன்னாலயே எறக்கி விட்டுருவேன். அங்கன இருந்து நீ ஊருக்குத் திரும்பி நடந்துதான் போகணும்" என்றார்.

வேனில் உட்கார்ந்தபடியே பழகும்படி, யாருமே எழுந்து நிற்காத நாடகமாக அதைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். விழாக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை விடியக்காலையில் வேனில் ஏறப்போகிறேன். அவர்கள் தூங்கினால் எழுப்ப மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவேன். ஒருத்தியாவது கண்ணைத் திறக்காமலே தன் வரியைச் சொல்கிறாளா என்று பார்க்க வேண்டும்.