தார் பூசிய பிக்கப்பில் பாலாவிக்கு

கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்குச் சுமார் நாற்பது கிலோமீற்றர். ஆடி அசைந்து போகும் பஸ்ஸே ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடும். எங்களுக்கு அன்று அரைநாள் பிடித்தது. அதில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே கழித்தோம்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன என் மனைவி ரிஃபாயா, இரண்டு வருடத்துக்குப் பிறகு லீவில் வருகிறாள். விமான நிலையத்திலிருந்து வரும் வேன் அவளைப் பத்து மணியளவில் பாலாவியில் இறக்கிவிடும். அவள் இறங்கும்போது நான் எதிரே நிற்க வேண்டும். இரண்டு வருடமாக நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

நாங்கள் போகவிருந்த பிக்கப் வண்டி அவளுடைய தம்பி நவாஸுடையது. வயதில் அவனுக்கு மூத்தது. மீன் ஏற்றி ஏற்றி, உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடிப்பக்கம் துருப்பிடித்துவிடும் என்பதால், எங்கள் பக்கத்தில் வருடத்துக்கொரு தடவை வண்டிக்குக் கீழே தார் பூசுவார்கள். தன் ராத்தா வருகிறாள் என்ற சந்தோஷத்தில் நவாஸ் முதல்நாள்தான் மல்லாந்து கிடந்து பூசி முடித்திருந்தான்.

எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினான். 'டக்' என்றது. முன்னால் எரிந்த விளக்குகள் மங்கி அணைந்தன.

"பற்றரி இறங்கிட்டு மச்சான்" என்றான்.

பற்றரி முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டினோம். டக். அடுத்த வீட்டு வெங்காய லொறியைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பற்றரியிலிருந்து வயர் கொடுத்துப் பார்த்தோம். டக். தள்ளினோம், சக்கரம் மணலில் புதைந்ததுதான் மிச்சம்.

"நீங்க பஸ்ல போங்க மச்சான். நான் எப்படியும் பின்னால வாறேன்."

போயிருக்கலாம். ஆனால் ரிஃபாயா போனில் கேட்டது ஒன்றே ஒன்று: தம்பியின் பிக்கப்பில், முன் சீட்டில், முகத்தில் கடல் காற்றடிக்க வீட்டுக்கு வரவேண்டும். இதோ கிளம்பிவிடும், இதோ கிளம்பிவிடும் என்று நின்றேன். பத்து மணி தாண்டியதும் போன் அடித்தது.

"நான் இறங்கிட்டேன். நீங்க எங்க நிக்கிறீங்க?"

வாசலில் நிற்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "வந்திட்டிருக்கிறோம்" என்று சொல்லி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. நவாஸ் பார்க்காததுபோல மறுபடி சாவியைத் திருப்பினான்.

அப்போது என் கை, பற்றரியிலிருந்து கீழே வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் வயரில் பட்டது. சுட்டது. குனிந்து அது போகும் வழியைப் பார்த்தேன்.

"நவாஸ், தார் பூசக்குள்ள இந்த வயரைக் கழட்டினதா?"

"ஓம் மச்சான். கழட்டி, அடியில வடிவாப் பூசிட்டுத்தான் திரும்பப் பூட்டினேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. வயர் இரும்பைத் தொடவில்லை, மின்சாரத்தைச் சரியாக விடாத தாரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆணியைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கத்தியால் சுரண்டிப் பூட்டினோம். சாவியைத் தொட்டதுதான் தாமதம், வண்டி உறுமியது. லொறிக்காரன் வந்து எங்களை மணலிலிருந்து இழுத்துவிட்டான்.

வெங்காயத் தோட்டங்கள், சுழலும் காற்றாலைகள், நுரைச்சோலை மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி, பாலாவியை நெருங்கும்போது வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்பளங்கள். இன்னொரு நாளென்றால் நிறுத்தி நிறுத்தி உங்களுக்குக் காட்டியிருப்பேன். அன்று எல்லாமே எனக்கு வழியில் நின்ற இடைஞ்சல்கள்.

சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், பெட்டியின் மேல் ரிஃபாயா உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். கையில் பிளேன்ரீ. நான் வண்டி நிற்குமுன்பே குதித்து ஓடினேன்.

"பிந்திட்டேன் ரிஃபாயா. நீ இறங்கக்குள்ள நிக்கணுமெண்டு..."

அவள் என் தார்க் கைகளையும் வியர்த்த முகத்தையும் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு வருஷமா ஆர் கூப்பிட்டாலும் ஓடிப்போய் நிண்டவள் நான். இண்டைக்குத்தான் குந்தியிருந்து, எனக்காக ஒராள் ஓடி வாறதப் பார்க்கிறேன்."

லீவு முடிந்ததும் இதே சந்தியில்தான் அவளை வேன் ஏற்ற வேண்டும் என்ற நினைப்பு வந்தது. நவாஸ் ஹோர்ன் அடித்தான். அவள் எழும்பவில்லை.

"ஆறுதலாக் குடிச்சி முடிக்கிறேனே" என்று சற்று நகர்ந்து, பெட்டியில் எனக்கும் இடம் விட்டாள்.