முதல் நிறத்தைத் தாண்டிய ஒன்பது பேர்

மெரிதா நகரத்தில் கறுப்பு பீன்ஸ் வேகாத அடுப்பு கிடையாது. ஆனால் அந்த பீன்ஸ் ஊறிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு நடந்தவள் ஓத்திலியா உஸ்காத்தெகி ஒருத்திதான். இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவர்களின் செய்முறை வகுப்பு அவள் பொறுப்பு. ஆய்வக அலமாரிகள் காலியாகி வருஷக்கணக்காகிறது. மருந்து வாங்க நிர்வாகத்திடம் காசில்லை. ஆசிரியர்களின் சம்பளமோ ஒரு அட்டை முட்டை வாங்கவே மல்லுக்கு நிற்கும். பாதிப் பேர் எல்லை தாண்டிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கரும்பலகையில் படம் போட்டு, இப்படித்தான் நடக்கும், நம்பிக்கொள்ளுங்கள் என்று பாடத்தை முடித்தார்கள். ஓத்திலியாவுக்கு அது ஆகாது. கையால் செய்யாத வேதியியல் என்ன வேதியியல் என்று கேட்பாள்.

அதனால் அமிலத்துக்குச் சமையலறை வினிகர், காரத்துக்குச் சாக்கடை அடைப்பு எடுக்கும் சோடா, நிறம் காட்ட பீன்ஸ் தண்ணீர். குடுவையில் இருக்கும் வினிகரில் பீன்ஸ் தண்ணீரை விட்டால் சிவக்கும். மேலே மாட்டிய கண்ணாடிக் குழாயிலிருந்து சோடாவைச் சொட்டுச் சொட்டாக இறக்க இறக்க, சிவப்பு ஊதாவாகும், ஊதா நீலமாகும், பிறகு பச்சை எட்டிப் பார்க்கும். பச்சையைக் கண்டதும் குழாயை மூட வேண்டும். அவசரக் குடுக்கைகள் ஊதாவிலேயே மூடிவிடுவார்கள். "முதல்ல மாறுற நிறத்தை நம்பாதீங்க, பொறுங்க" என்று ஓத்திலியா தொண்டை வற்றக் கத்துவாள். எங்கள் ஊரில் வீட்டு நாயைக்கூட நீங்க என்றுதான் கூப்பிடுவோம். திட்டும்போதும் அந்த மரியாதைக்குக் குறைவிருக்காது.

இந்தப் பிடிவாதத்துக்கு முன்பு ஒரு கூட்டாளி உண்டு, கிராசியெலா. இருவரும் சேர்ந்து படித்து, சேர்ந்தே வேலைக்கு வந்து, மத்தியானம் ஒரே அரேப்பா சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். ஒருத்தி பாதியில் விட்ட வாக்கியத்தை மற்றவள் முடிப்பாள், பெரும்பாலும் தப்பாக. அதற்கொரு சண்டை. கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட அவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் கிராசியெலாவும் எக்வதோர் நாட்டுக்குப் போய், குவென்கா நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். புறப்படும்போது ஒரு பினாப்தலின் குப்பியை ஓத்திலியாவின் கையில் திணித்தாள். நிஜ மருந்து, ஊரிலேயே கடைசி. ஓத்திலியா அதைத் திறக்கவில்லை. ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். மருந்துக்கா ஏங்கினாள்? பக்கத்தில் நின்று சண்டை போட ஓர் ஆளுக்குத்தான்.

இந்த வருஷம் குவென்காவில் இன்னொரு இடம் காலியானது. ஓத்திலியாவுக்காக, பருவம் முடியும் வரை அதைப் பிடித்துவைப்பதாகக் கிராசியெலா போனில் சொன்னாள். ஓத்திலியா சரியென்றாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். தன்னிடம் மிச்சமிருக்கும் ஒன்பது மாணவர்களும் எந்த ஊர் ஆய்வகத்திலும் தலைநிமிர்ந்து நிற்பார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்புவாள். அதற்காகவே கடைசித் தேர்வுக்கு பீன்ஸ் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, அந்தக் குப்பியைத் திறந்தாள். வீட்டில் பெட்டியைக்கூடத் தூசி தட்டி வைத்தாயிற்று.

பினாப்தலின் பற்றி எல்லாரும் பள்ளியிலேயே படித்ததுதான். நிறமே இல்லாத திரவத்தில், ஒரு சொட்டுக் காரம் கூடியதும் மெல்லிய ரோஜா நிறம் தட்டும். அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு ரோஜா அடர்த்தியாகுமே தவிர, வேறு நிறம் வராது. ஓத்திலியா ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குடுவைகளில் ரோஜா நிறம் தட்டியது. ஒருவரும் குழாயை மூடவில்லை. அவள் பழக்கிய அதே பொறுமையோடு, அடுத்த நிறத்துக்காகக் காத்திருந்தார்கள். குடுவைகள் பீட்ரூட் சாறாக மாறிய பிறகு, "பச்சை வரமாட்டேங்குதே" என்று டெய்விஸ் என்ற பையன் முணுமுணுத்தான்.

ஓத்திலியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது பேரும் தவறிவிட்டார்கள் என்று அவள் சொன்னபோது, கூட்டத்திலேயே கெட்டிக்காரியான யூலெய்சி எழுந்து நின்றாள்.

"புத்தகத்துல படிச்சது ஞாபகம் இருந்துச்சு, புரொஃபே. ஆனா முதல் நிறத்தை நம்பாதீங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் உங்களை நம்பினேன்."

துறைத் தலைவர் எலெயுத்தேரியோ நல்ல மனிதர், சண்டை சச்சரவு ஆகாதவர். எல்லாருக்கும் தேர்ச்சி போட்டு அனுப்பிவிடலாம், இந்தக் கஷ்டகாலத்தில் யார் சொட்டு எண்ணப் போகிறார்கள் என்று இதமாகச் சொன்னார். வெளியூர்க்காரன் எண்ணுவான், அப்போது இந்தப் பிள்ளைகள்தான் கூனிக் குறுகுவார்கள் என்றாள் ஓத்திலியா. அவளைக் குடைந்தது வேறு. இது ஒன்றில் மட்டுமா கோணல்? இல்லாததை ஈடுகட்டுகிறேன் என்று இன்னும் எதையெல்லாம் இப்படிப் பழக்கியிருக்கிறாளோ! தேர்வு செல்லாது, அடுத்த பருவம் முழுக்க அத்தனை செய்முறையையும் முதலிலிருந்து பார்க்கலாம், தப்பு தன்னுடையது என்று மாணவர்களிடம் சொன்னாள். பருவம் முடிந்ததும் எல்லைக்குப் போக பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்து வைத்திருந்த டெய்விஸ் கதவை அறைந்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் குவென்காவைக் கூப்பிட்டாள். கிராசியெலா முழுவதும் கேட்டாள்.

"ஒன்பது பேருக்காகவா?"

"என்கிட்ட ஒன்பது பேர்தானே இருக்காங்க."

"நான் கணக்குல வரலையா?"

கேட்டுவிட்டுக் கிராசியெலா குரலைத் தணித்தாள்.

"மூணு வருஷமா வேலை இருக்கு, மருந்து இருக்கு, வாங்கன்னுதான் சொல்லிட்டிருந்தேன். எனக்கு நீங்க வேணும்னு ஒரு நாளும் சொல்லல. இப்ப சொல்றேன்."

இந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தோம் என்பது ஓத்திலியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வந்துவிடுகிறேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை உள்ளேயே அடக்கிக்கொண்டாள். அவள் வரமாட்டாள் என்பதைக் கிராசியெலாவும் புரிந்துகொண்டாள். ஆனாலும் இருவரும் போனை வைக்கவில்லை. வெகுநேரம் ஒருத்தி மூச்சு விடுவதை மற்றவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த பருவத்தின் முதல் திங்கட்கிழமை ஏழு பேர் வந்தார்கள். யூலெய்சி வந்திருந்தாள், டெய்விஸ் வரவில்லை. ஓத்திலியா குடுவைகளில் பினாப்தலின் விட்டு, குழாயில் சோடாவை நிரப்பி, முதலில் மாறும் நிறத்திலேயே நிறுத்தச் சொன்னாள். சொல்லும்போது, போனில் அடக்கிய அந்த மூச்சு நினைவுக்கு வந்து குரல் உடைந்தது. ஏழு பேரும் குடுவையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.