ஐந்து பாட்டு இறைவணக்கம்

ஊதுவத்தி வாசனையும் சாக்கடை நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். நகரசபைக் கூட்டத்தின் வாசனை அது. சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ராயபுரத்துக்கு வடக்கே இருந்த எங்கள் நகரசபையில் (எந்தச் சபை என்று சொல்லி அதற்குப் பெருமை சேர்க்க எனக்கு விருப்பமில்லை) கூட்டம் தொடங்குமுன் இறைவணக்கம் பாட, குரல் நன்றாக இருந்த பாவத்துக்கு, பத்து வயதுப் பெண்ணான என்னைப் பள்ளியிலிருந்து நேரே அழைத்துப் போவார்கள்.

முதல் அரைமணி ஜனங்களிடம் மனு வாங்கும் நேரம். ஆனால் இறைவணக்கம் முடியும்வரை கதவைச் சாத்தி வைப்பார்கள். பாட்டு நேரமும் அந்த அரைமணியில்தான் சேரும். வழக்கமாக ஒரே பாட்டு. அன்றைக்குத் தலைவர் கைகூப்பியபடியே, "இன்னொண்ணு பாடும்மா" என்றார். அது முடிந்ததும் இன்னொன்று. நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருப் பெண்களோடு அம்மா நின்றிருந்தாள். என் பாட்டைக் கேட்கத்தான் வேலையை விட்டு வந்திருக்கிறாள் என்று பூரித்துப்போய், அவள் கையை ஆட்டியதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, ஐந்தாவது பாட்டை ஒவ்வொரு அடியும் இரண்டு தடவையாக இழுத்து இழுத்துப் பாடினேன். முடித்ததும் மணி அடித்தது. மனு நேரம் முடிந்தது என்றார் தலைவர்.

எங்கள் தெருக் குழாயில் நாலு நாளாகச் சாக்கடை கலந்து "கலீஜ்" தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை அடைத்துவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பச் சொல்லி மனு எழுதி வந்திருந்தார்கள். குழாய் போட்ட கான்டிராக்டர் தலைவரின் மைத்துனர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. "காலையிலேர்ந்து தம்பிக்கு பேதி நிக்கல. அத்தச் சொல்லத்தான் வந்தோம். உன் பாட்டு முடியவே இல்லியேம்மா" என்றாள்.

அடுத்த கூட்டம் பதினைந்து நாள் கழித்து. அதற்குள் தெருவில் மூன்று குழந்தைகள் போயின. இரண்டாவது என் தம்பி. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைகூப்பி, வேறொரு சிறுமி ஒரே ஒரு பாட்டுப் பாட, மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. தெருக் குழாயும் இல்லை. தெருவே கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடமாகிவிட்டது. இறைவணக்கம் மட்டும் போகவில்லை. ஏதாவது அரசுக் கூட்டத்தில் ஒரு குழந்தை நன்றாகப் பாடினால் சபையே உருகிப்போகிறது. நான் அந்தக் குழந்தையின் அம்மா எங்கே நிற்கிறாள் என்றுதான் தேடுகிறேன்.