அடுப்படி வழியாக ஒரு நேர்கோடு

லிஃப்ட்காரர் எனக்கு அறிமுகமானது என் வீட்டுச் சோபாவில். நான் பல் மருத்துவர். ஒரு மாலை கிளினிக்கை மூடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், முன்பின் தெரியாத ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து என் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதை நான்ல கேக்கணும்?"

எதிர்க் கட்டடத்தில் அதே மாடியில் குடியிருப்பவர். இரண்டு கட்டடங்களும் அச்சில் வார்த்தது போல இருக்கும். திறந்திருந்த கதவைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார். என் மனைவி அவரை நோயாளி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அவர் என் மனைவியைத் தன் மனைவியின் தோழி என்று நினைத்து வாங்கிக் குடித்திருக்கிறார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

லிஃப்ட் பழுதுபார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. கண்ணைக் கட்டி ஏற்றினாலும் எந்த மாடியில் நிற்கிறோம் என்று முழங்காலை வைத்தே சொல்லிவிடுவார். மேலும் கீழும் அவருக்கு அத்துப்படி. இடமும் வலமும்தான் பிடிபடாது. வேலை முடித்து வெளியே வந்ததும் தலைகால் புரியாமல் நிற்பார். தெருமுனை மருந்துக் கடைக்குப் போனவரை ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வந்த கதையெல்லாம் உண்டு.

அவர் மனைவியோ நகரப் பேருந்து ஓட்டுநர். ஊரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆனால் விடுமுறை நாளில் ஸ்டியரிங் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். "நாள் பூரா நான்தான் வழி பார்த்து ஓட்டுறேன். லீவு நாள்லயும் நானே பார்க்கணுமா? ஒரு நாளாவது பின்னால சும்மா உக்காந்து வர்ற ஆளா இருக்க விடுங்க" என்பார். அந்த ஆசையை நிறைவேற்றத்தான் லிஃப்ட்காரர் அவரை ஒருமுறை காட்டுக்குக் கூட்டிப்போனார், கைபேசியை நம்பி. காட்டில் டவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் இல்லை. இருவரும் ஒரு கல்குவாரியில் போய் வெளிப்பட்டு, சிமெண்ட் லாரியில் ஏறி, தலை முதல் கால்வரை சாம்பல் நிறத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

"வழி தெரிஞ்ச ஒண்ணை வாங்கிட்டு வாங்க. அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார் மனைவி.

கூடாரமும் கயிறும் விற்கிற கடை ஒன்றுக்கு நாங்கள் இருவரும் போனோம். கடைப் பெண் மூன்று ஜிபிஎஸ் கருவிகளை எடுத்து மேசையில் வைத்தாள். முதலாவது அகலமான தொடுதிரை. லிஃப்ட்காரர் கிரீஸ் படிந்த விரலால் தொட்டதும் அது வேறொரு கண்டத்தைக் காட்டியது. இரண்டாவது கைக்கடிகாரம் மாதிரி; எழுத்தெல்லாம் எறும்பு அளவு. மூன்றாவது சோப்புக்கட்டிப் பருமன், தடித்த ரப்பர் உறை, தலையில் கட்டைவிரல் போல ஆண்டெனா, பக்கவாட்டில் பொத்தான்கள்.

"இது கையுறை போட்டுட்டே அமுக்கலாம் சார். வெயில்ல திரை இன்னும் பளிச்சுன்னு தெரியும். டார்ச்சுக்குப் போடுற பேட்டரிதான், எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். போனுக்கு டவர் வேணும்; இதுக்கு மேல வானம் இருந்தா போதும்."

"கீழ விழுந்தா?"

அவள் அதைத் தரையில் போட்டாள். எடுத்து, பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குள் முக்கினாள். அடியில் கிடந்தபடியே அது விளக்கெரிய மணியடித்தது. ஆர்வத்தில் நானும் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த என் கைபேசி நழுவி வாளிக்குள் விழுந்து அணைந்தது.

"பாத்தீங்களா சார், இதான் வித்தியாசம்" என்றாள் கடைப் பெண்.

லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "உயரம் காட்டுமா?" காட்டும் என்றதும் கருவியோடு மாடிப்படி ஏறிப் போனார். இறங்கி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "மாடிக்கு மாடி மூணு மீட்டர். பிசகல டாக்டர்."

"அது காத்தழுத்தத்தை வெச்சு சொல்றது சார். கிளம்பும்போது ஒரு தடவை சரிபண்ணிக்கணும். அப்புறம், போற இடத்தைப் பாதை வழியா காட்டணுமா, நேர்கோடா காட்டணுமான்னு அமைப்புல..." என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. கருவியைக் குழந்தை போல ஏந்திக்கொண்டு வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

திசைகாட்டியைச் சரிசெய்யக் கருவியை மட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். அதை அவர் மறுநாள் காலை எங்கள் தெருவில் செய்தார். ஏதோ புது உடற்பயிற்சி என்று நினைத்து, நடைக்கு வந்த சிலர் பக்கத்தில் நின்று சேர்ந்து சுற்றினார்கள். அதற்கடுத்த நாள் அவர் வராதபோதும் அவர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முதுகுவலி குறைந்திருக்கிறதாம்.

வேலைக்கும் அதை எடுத்துப்போனார். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் வானம் தெரியாது, செயற்கைக்கோள் எட்டாது. அது திணறிவிட்டு, 'நீங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறீர்களா?' என்று திரையில் கேட்கும். "ஆமாப்பா, இப்ப வந்துடுறேன்" என்று இவர் பதில் சொல்வார். "இத்தனை வருஷத்துல நான் எங்க இருக்கேன்னு அக்கறையாக் கேட்டது இது ஒண்ணுதான்" என்று என்னிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அந்தப் பேச்சை ரசிக்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அருவி பார்க்கக் கிளம்பினோம். புறநகர்ப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். அருவி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை லிஃப்ட்காரர் முன்பே கருவியில் ஏற்றியிருந்தார். கொஞ்ச நேரம் வானத்தைக் காட்டியதும் திரையிலிருந்த அம்பு சுழன்று ஒரு பக்கம் நின்றது. அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தது.

"இப்படித்தான் போகணும்" என்றார்.

சாலை இடப்பக்கம் வளைந்து போனது. நான் அவர் மனைவியைப் பார்த்தேன். "என்னைப் பார்க்காதீங்க டாக்டர். நான் இன்னைக்குப் பயணி" என்றார்.

லிஃப்ட்காரர் கதவைத் தட்டினார். கையில் கத்தியும் வெங்காயமுமாக ஒரு அம்மா திறந்தார்.

"இந்தப் பக்கமா போகணும்மா."

"எந்தப் பக்கமா?"

அவர் கருவியைப் பார்த்தார். "உங்க அடுப்பு வழியா."

அந்த அம்மா கருவியைப் பார்த்தார், ஆண்டெனாவைப் பார்த்தார், கண்ணாடி போட்ட என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ரோடு அளக்க வந்திருக்கீங்களா? எத்தனை மனு கொடுத்தோம்! வாங்க, வாங்க" என்று அடுப்படிக்குள் கூட்டிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரோடு எங்கே போகிறது என்று பார்க்க அவரும் கத்தியோடு பின்னால் வந்தார்.

அடுத்து ஒரு மைதானம். கால்பந்து ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அம்பு நடுக்கோட்டைக் குறுக்கே வெட்டியது. நாங்களும் வெட்டினோம். நடுவர் ஊதல் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். ஏனோ என்னை மட்டும் பார்த்து மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "ரோடு வருது தம்பி" என்று அந்த அம்மா அவரிடம் சொன்னார். எதிர்ப்பு தெரிவிப்பதற்காக நடுவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். நடுவர் போனால் ஆட்டம் ஏது? இரண்டு அணிகளும் பின்னால் வந்தன.

அப்புறம் ஒரு குளம். லிஃப்ட்காரர் தயங்கவே இல்லை. மார்பளவு தண்ணீரில் கருவியை முன்னால் நீட்டியபடி நடந்தார். வழுக்கி முழுகியபோதும் அந்தக் கை அம்பின் திசையிலேயே இருந்தது. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூன்று நாள் சளி.

கரையேறிச் சற்றுத் தூரம் நடந்ததும், ஒரு சூரியகாந்தி வயலின் நட்டநடுவில் கருவி மணியடித்தது. சேர வேண்டிய இடம் வந்துவிட்டதாம். சுற்றிலும் பூக்கள். அருவி மருந்துக்குக்கூட இல்லை. எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போயிருந்தது. இரண்டு கால்பந்து அணிகளும், நடுவரும், கத்தி பிடித்த அம்மாவும் லிஃப்ட்காரரின் முகத்தையே பார்த்தார்கள்.

"இங்க என்ன இருக்கு?" என்றார் நடுவர்.

லிஃப்ட்காரர் திரையைப் பார்த்தார். "நூத்தி நாப்பத்தி ரெண்டு மீட்டர் உயரம்" என்றார், கொஞ்சம் பெருமையாக.

நான் மெதுவாக அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். ஈரப் புடவையோடு வரப்பில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒரு சிக்னல் இல்ல, ஒரு வளைவு இல்ல. எங்க போறோம்னு ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கல. இவ்வளவு நிம்மதியா நான் எங்கயும் போனதே இல்லைங்க" என்றார். லிஃப்ட்காரர் நெளிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். ரொட்டியும் அவித்த முட்டையும் நனையாத உறையில் பத்திரமாக இருந்தன. மூவருக்கு இருந்ததை எல்லோரும் கிள்ளித் தின்றோம்.

திரும்பும்போதும் யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வந்த தடத்தை அது புள்ளி புள்ளியாகப் பதிந்து வைத்திருந்தது. வந்த வழியே திரும்பு என்ற பொத்தானை அமுக்கினார். ஆகவே மறுபடியும் குளம், மைதானம், அடுப்படி.

நேர்கோட்டை விட்டுப் பாதை வழியாகக் காட்டும் அமைப்பு எங்கே இருக்கிறது என்று பிறகு கடைப் பெண்ணே காட்டிக்கொடுத்தாள். அருவியையும் ஒருவழியாகப் பார்த்துவிட்டார்கள். "பரவாயில்லை" என்றார் அவர் மனைவி. ஆனால் மாதம் ஒருமுறை நேர்கோட்டை அமைத்துக்கொண்டு இருவரும் எங்காவது கிளம்பிவிடுகிறார்கள். ஒரு கோழிப்பண்ணையும் ஒரு நீதிமன்றமும் அப்படிக் கடக்கப்பட்டதாகக் கேள்வி.

ரோடு வரவில்லை. ஆனால் அன்று எங்களோடு நடந்தவர்களுக்கு அது நல்ல குறுக்குவழியாகத் தோன்றியிருக்கிறது. மைதானத்து ஆட்களும் குளத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் பேருந்து நிறுத்தத்துக்கு அந்த வழியே வரத் தொடங்கினார்கள். குளத்தில் யாரோ கல் போட்டு நடைபாதை கட்டினார்கள். அந்த அம்மா அடுப்படியில் ஒரு பெஞ்சு போட்டு டீ விற்கிறார். போன மாதம் நாங்கள் போனபோது உள்ளே நிற்க இடமில்லை. நான்தான் முதன்முதலில் வந்தவன் என்ற உரிமையில் ஆட்களை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"வரிசையில நில்லுங்க தம்பி" என்றார் அந்த அம்மா.