இருபத்து மூன்று பேர் எந்தப் பக்கம்?

நாடாளுமன்றத்தில் தச்சு வேலை பார்த்தவரை எல்லோரும் நாற்காலி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று அவருக்கு ஒரு தாள் வரும். அதைப் பார்த்து மேசைகளில் பெயர்ப்பலகைகளைக் கழற்றி மாட்டுவார். ஆளுங்கட்சி வலது பக்கம், எதிர்க்கட்சி இடது பக்கம். ஐந்து தேர்தல் பார்த்தாயிற்று. ஒருமுறையும் இரண்டு நாளுக்கு மேல் ஆனதில்லை.

ஆறாவது தேர்தல் அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

அவர் காலமெல்லாம் ஓட்டுப் போட்டு வந்த கட்சி நூற்றுப் பன்னிரண்டிலிருந்து இருபத்து மூன்றுக்கு விழுந்திருந்தது. தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முன்வரிசையிலிருந்த தன் கட்சிக்காரர்களின் பலகைகளைத் தன் கையாலேயே கழற்றி, இடது பக்க மூலையில் மாட்டினார்.

மறுநாள் காலை அலுவலக எழுத்தர் அம்மா மூச்சு வாங்க வந்தார்.

"அண்ணே, யாருக்கும் பெரும்பான்மை இல்லையாம். அந்த இருபத்து மூணு பேரும் முதலிடத்துல வந்த கட்சியோட சேர்ந்துட்டாங்க. வலது பக்கம் மாத்திடுங்க."

"என்னம்மா சொல்றீங்க? அவங்கள எதிர்த்துதானே ஓட்டே கேட்டாங்க?"

"என்னைக் கேட்டா? தாள்ல அப்படித்தான் இருக்கு."

மாற்றினார். மதியம் இன்னொரு தாள் வந்தது. ஒன்பது பேர் பிரிந்து எதிரணிக்கே போய்விட்டார்களாம். யார் அந்த ஒன்பது பேர் என்று தாளில் இல்லை. திருப்புளியும் கையுமாக நடுவழியில் நின்றார்.

அப்போது அவருடைய சொந்தத் தொகுதி உறுப்பினரே உள்ளே வந்தார். அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவர், முதன்முறை ஜெயித்தவர்.

"அண்ணே, என் இடம் எது?"

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

உறுப்பினர் பிடரியைச் சொறிந்தார். "அதான் எனக்கும் புரியல. தலைவர் போனை எடுக்கவே மாட்டேங்கறார்."

உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரை வந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலரை மணிக்கு போன் வந்தது. வலது பக்கம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, நாம ஜெயிச்சோமா தோத்தோமா?"

"ஜெயிச்ச பக்கம்தான் உட்காந்திருக்கோம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.