வீணாகப் போகும் சூடு

வெர்னா டைட்டஸுக்கு உத்தியோகம் பூமிக்கடியில். அலாஸ்காவின் நடுவே இருக்கும் அந்தப் பெரிய ராணுவ முகாமில், நிலக்கரி நிலையத்திலிருந்து கிளம்பும் நீராவி முந்நூறு கட்டடங்களுக்குச் சுரங்கம் வழியாகப் போகிறது. அந்தச் சுரங்கங்களை இருபத்தாறு வருடமாக நடந்து பார்ப்பவள் அவள். எந்த மூட்டு ஒழுகும், எந்த வால்வு அடம்பிடிக்கும் என்பதை வரைபடத்தைவிட அவளிடம் கேட்பது மேல். அதிகாரிகள் வரைபடத்தைத்தான் கேட்டார்கள். அவர்கள் புத்தி அவ்வளவுதான்.

நிலையத்துக்கு எழுபது வயது. இனி முகாமுக்கு எப்படிச் சூடு கொடுப்பது என்று ஆராய கிரெய்க் பெல்டன் என்ற பொறியாளர் வந்தார். பழையதைப் பழுதுபார்ப்பது, புது நிலக்கரி நிலையம் கட்டுவது, நீராவியை அடியோடு நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்கு ஒரு சின்ன எரிவாயுக் கொதிகலன் வைப்பது என மூன்று வழிகள். மூன்றாவதுதான் சிக்கனம் என்றது அவருடைய வரைவு அறிக்கை. சுரங்கத்தில் பாதிச் சூடு வீணாகிறதாம்.

அதைப் படித்ததும் வெர்னாவுக்குச் சுருக்கென்றது. நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோலிஸ் முந்திக்கொண்டான்.

"வாயத் திறக்காத வெர்னா. வேலை போயிடும்னு கூப்பாடு போடுறாம்பாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். தண்ணி உறைஞ்சா எதைக் குடிப்பாங்களாம், பனிக்கட்டியச் சூப்புவாங்களா?"

மறுநாள் வெளியே மைனஸ் நாற்பது. பெல்டனைச் சுரங்கத்தில் இறக்கினாள். ஐந்தே நிமிடத்தில் மனிதர் கோட்டைக் கழற்றிவிட்டார். நீராவிக் குழாயை ஒட்டியே இன்னொரு குழாய் ஓடியது.

"தொட்டுப் பாருங்க."

"வெதுவெதுன்னு இருக்கே. என்னது இது?"

"குடிதண்ணி. நீங்க வீணுன்னு எழுதின சூடுதான் இதைக் காப்பாத்துது. நீராவிய நிறுத்துங்க, ரெண்டே நாள்ல முகாம் முழுக்கக் குழாய் வெடிக்கும்."

பெல்டன் குழாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். "அப்போ பழைய நிலையத்தையே வெச்சுக்கணும்ங்கறீங்க. உங்க வேலையும் தப்பிச்சுடும், இல்ல?"

ஒரு தலையசைப்பு போதும், வேலை தப்பித்திருக்கும். நானாக இருந்தால் அசைத்திருப்பேன்.

"இல்லைங்க. அது இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்காது. ஜனவரியில படுத்துடுச்சுன்னா குழந்தைகுட்டியோட ஆயிரம் குடும்பம் மாட்டிக்கும். சின்னக் கொதிகலனே வைங்க. ஆனா தண்ணிக் குழாய்க்குச் சூடு குடுக்கற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க."

பெல்டன் அறிக்கையைத் திருத்தினார். குழாயைச் சூடாக்கும் மின்கம்பிச் செலவைச் சேர்த்தும் மூன்றாவது வழியே வென்றது. பொதுக்கூட்டத்தில் முகாம் அதிகாரி அதைப் படித்தார். சுரங்கக் கண்காணிப்பாளர் பணியிடம் நீக்கப்படும் என்ற வரி வந்தபோது மட்டும் அவர் குரல் இறங்கியது. ஹோலிஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆட்சேபணை ஏதாவது?" என்று கேட்டார் அதிகாரி. சபை முழுவதும் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தது.

அவள் எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு. மாத்துற வேலையக் கோடையிலயே முடிச்சுடுங்க. குளிர்ல ஆரம்பிச்சா ஜனங்க செத்துடுவாங்க."