புனேயிலிருந்து வந்த காரும் ஒரு காதுகுத்தும்

போன வருடம் ஆனி மாதம், நாங்கள் புனேயைக் காலி செய்துவிட்டுக் காரைக்குடிக்குக் குடிவந்த முதல் வாரத்தில் நடந்தது இது. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலுள்ள நேமத்தான்பட்டியில், பழைய பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துபவர்களிடம் மேனேஜர் வேலை கிடைத்திருந்தது. பத்தொன்பது வருடக் குடித்தனத்தைப் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பிவிட்டு நாங்கள் ரயிலில் வந்துவிட்டோம். கார் மட்டும் பின்னால் லாரியில் வந்துகொண்டிருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். புனேயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். அதாவது, குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள். வீட்டிலும் உனக்கு அதே உத்தியோகம்தான் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். காரை லாரிக்காரர்களிடம் ஒப்படைத்தபோது நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தனியாக ஒரு போட்டோ. ஸ்டெப்னி டயரைக்கூட விடவில்லை. வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லை என்று அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.க்காக ஒன்றரை மாதம் நடையாய் நடந்து வாங்கி, நகையைப் போல அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வந்த மூன்றாம் நாள் மத்தியானம், பாத்திரப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரிலிருந்து டோல் பணம் பிடித்திருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு டோல்கேட். மேலே தள்ளிப் பார்த்தால், சாமான் இறக்கும் களேபரத்தில் நான் கவனிக்காமல் விட்ட செய்திகள் இன்னும் இரண்டு இருந்தன. இரண்டும் கர்நாடகாவில்.

லாரி மேல் உட்கார்ந்து வருகிற கார் எதற்கு டோல் கட்ட வேண்டும்? லாரி பேசிவிட்ட ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். லாரி இன்னும் பெங்களூரில்தான் நிற்கிறது, நாளைக்குத்தான் கிளம்பும் என்று கூசாமல் சொன்னார். வந்த செய்தியோ கிருஷ்ணகிரியைத் தாண்டியாயிற்று என்கிறது. யாரோ என் காரைச் சொந்த வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டு போகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

டிரைவர் நம்பர்தான் இருக்கிறதே, அவரிடமே கேட்டுவிடேன் என்றார் வீட்டுக்காரர். திருடனையே கூப்பிட்டு நீ திருடினாயா என்று கேட்கச் சொல்கிறீர்களா என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். என் சித்தி மகன் போலீஸில் இருக்கிறான். அவனைப் பிடித்தேன். அடுத்தடுத்து வந்த டோல் செய்திகளை உடனுக்குடன் அவனுக்கு அனுப்பினேன். வண்டி எந்த ரோட்டில் எங்கே வருகிறது என்று வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துச் சொல்கிறோம் என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். திருச்சிக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்திவிட்டார்களாம். "அக்கா, காரு லாரி மேலதான் இருக்கு. பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு. விட்டுரச் சொல்லவா?"

நான் விடுவேனா? இவ்வளவு தூரம் ஓட்டிவிட்டுப் பிறகு ஏற்றியிருப்பான், கிலோமீட்டரைப் பார்க்கச் சொல் என்றேன். மேலதிகாரி வந்ததும் ஏறிப் பார்த்துவிட்டு உனக்கே போன் போடுவார்கள், நீ சரி என்றால் அனுப்பிவிடுவார்கள் என்று தம்பி சொன்னான். சரி என்று வைத்தேன்.

வைத்தவள் சும்மா இருக்கவில்லை. காரை நம் ஊர் நம்பருக்கு மாற்ற என்னென்ன வேண்டும் என்று விசாரிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். உள்ளே நுழைந்ததும், நாலு பேர் முன்னால் போன் அலறக் கூடாதே என்று சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன். வரிசை நகரவில்லை. எனக்கு முன்னால் நின்றவருடைய படிவத்தை வாங்கிப் பார்த்து இரண்டு தப்பு கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒருவழியாக என் முறை வந்தது. என்.ஓ.சி. இருக்கிறது, நல்லது, இங்கே சாலை வரி கட்ட வேண்டும், சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வர வேண்டும், வண்டியையும் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வெளியே வந்து போனை எடுத்தேன். மணி பன்னிரண்டரை. பதினாலு அழைப்புகள் வந்து போயிருந்தன. முதல் அழைப்பு ஒன்பதேகாலுக்கு.

தம்பியைக் கூப்பிட்டதும் வள்ளென்று விழுந்தான். காரில் ஒரு தப்பும் இல்லையாம். புகார் கொடுத்தவர் சரி என்று சொல்லாமல் எப்படி அனுப்புவது என்று அந்த டிரைவரை அதுவரை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். விடச் சொன்னேன். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் டோல் எப்படிப் போனது என்று மனசுக்குள் முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. டிரைவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சைக் கேட்டால் நம்ம பக்கத்து ஆள். முகத்தில் கோபம் இல்லை. காரைப் பக்குவமாக இறக்கினார். நான் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கிலோமீட்டரைப் பார்த்தேன். புனேயில் எடுத்த அதே எண். கடைசி இலக்கம்கூட மாறவில்லை.

"அப்ப டோல் எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"டோல்கேட்டுல இருக்க மிஷினு, லாரி ஸ்டிக்கரை விட்டுட்டு உங்க காரு ஸ்டிக்கரைப் புடிச்சிருக்கும்க்கா. தெறந்த லாரியில மேல முன்னுக்க நிக்கிற வண்டிக்கு அப்படி ஆகும். அதுக்குத்தான் சில்வர் பேப்பர் வச்சு மறைச்சுட்டுக் குடுங்கன்னு ஏஜென்ட்டு லிஸ்ட்டு அனுப்புவாகளே, நீங்க பாக்கலையா?"

லாரி பெங்களூரில் நிற்கிறது என்று ஏஜென்ட் சொன்னது வாய்க்கு வந்த பதிலாம். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அந்த லிஸ்ட்டில் ஏழாவதாக அதுதான் இருந்தது. பெட்டி கட்டுகிற அவசரத்தில் சில்வர் பேப்பரை எங்கே போய்த் தேடுவது என்று விட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று டிக் போட்டுத் திருப்பி அனுப்பியவள் நானேதான். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் செய்யாத வேலைக்கு டிக் போட்டால் பிடித்துக் கிழித்தவள்.

வீட்டுக்காரர் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வாங்கப் போனபோதுதான் லாரியின் கேபினுக்குள் பார்த்தேன். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் வேட்டியும் ஹேங்கரில் தொங்கின. சீட்டில் ஒரு ஜவுளிக்கடைக் கவரில் சின்னப் பட்டுப்பாவாடை. யாருக்கு என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நெற்குப்பையில எந் தங்கச்சி மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்துக்கா. நான்தான் தாய்மாமன். இந்த லோடு இங்குட்டு வருதுன்னுதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பதினொன்னரைக்கு எம் மடியில வச்சுக் குத்துறதா இருந்துச்சு." பிறகு, "புள்ளையோட பெரியப்பா மடியில வச்சுக் குத்திட்டாகளாம்" என்றார்.

போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். சாவடியில் போனையும் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். விட்ட பிறகு போட்டால் தங்கச்சி எடுக்கவில்லையாம். மூன்று வருடமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு இல்லை. இந்த விசேஷத்துக்கென்றுதான் அவளே வலிய வந்து கூப்பிட்டிருக்கிறாள். ஒன்பதேகாலுக்கு நான் போனை எடுத்திருந்தால் அவர் போய்ச் சேர்ந்திருப்பார். அந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் நம்பரை முதல்முறையாக அழுத்தினேன். தங்கச்சி வீடு எது என்று கேட்டேன். வேண்டாம் என்றார். விடாமல் கேட்டு வாங்கினேன். அதே காரில், புனே நம்பரோடு, நெற்குப்பைக்குப் போனோம்.

வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேனரைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்திருந்தார்கள். காற்றில் அதன் ஒரு மூலை மடங்கியது. உள்ளே டிரைவரின் முகம். வெள்ளைச் சட்டையில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. பக்கத்தில் தாய்மாமன் என்று கொட்டை எழுத்து. எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆளைத் தேடியிருப்பார்கள்.

தங்கச்சிக்கு முப்பது வயதுகூட இருக்காது. யார் என்று தெரியாமலே "உள்ள வாங்கக்கா, சாப்பிட்டீகளா" என்றாள். இடுப்பில் குழந்தை. காதுமடல் இரண்டும் சிவந்து, மஞ்சள் தடவியிருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே டோல் செய்தியிலிருந்து பெஞ்சு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். பதினாலு அழைப்புகளையும் போனைத் திறந்து காட்டினேன்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அண்ணன் நேத்து மத்தியானத்துலருந்து போன் போட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. வேணும்னே வராம இருந்துட்டு என்னத்துக்குக் கூப்பிடுதுன்னு நாந்தேன் எடுக்கல" என்றாள். பிறகு குழந்தையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, போனோடு உள்ளே போனாள். என்ன பேசினாள் என்று சரியாகக் கேட்கவில்லை. கடைசியில், "சாப்பிட்டியா?" என்றது மட்டும் வாசல் வரைக்கும் கேட்டது.

அண்ணனும் தங்கையும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அதற்கு நான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூசுகிறது. இப்போதெல்லாம் யார் மேலாவது சந்தேகம் வந்தால் முதலில் அவருக்கேதான் போன் போடுகிறேன், எத்தனை அசட்டுத்தனமாகத் தோன்றினாலும். காருக்கு அலைந்து திரிந்து நம் ஊர் நம்பர் வாங்கிவிட்டேன். அந்தக் குழந்தைக்கு அன்றைக்குக் கிடைக்க வேண்டிய மாமன் மடியை எந்த ஆபீசில் நின்றாலும் என்னால் வாங்கித் தர முடியாது.